பாதி மனிதருக்கு மருத்துவம் பார்ப்பது யார்?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 24. பதின்மூன்று வயதில் நாகர்கோவிலிலிருந்து நியூஜெர்சிக்கு வந்தேன். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பதினான்கு மாதங்களாக ஸ்க்ரைப் வேலை பார்க்கிறேன். டாக்டர் நோயாளியிடம் பேசும்போது பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கணினியில் பதிகிற வேலை. இந்த ஆண்டு 14 ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். ஜூலை முதல் செகண்டரி, அதாவது ஒவ்வொரு கல்லூரியும் தனியாக அனுப்பும் இரண்டாம்கட்டக் கேள்வித்தாள், வந்துகொண்டே இருக்கிறது. பதினொன்று வந்துவிட்டது, நான்கைத்தான் அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ‘ஏன் டி.ஓ.?’, ‘ஏன் எங்கள் கல்லூரி?’, ‘நீங்கள் சந்தித்த சவால் என்ன?’ என்றே கேட்கிறார்கள். எழுதியதையே எழுதி எனக்கே சலித்துவிட்டது. என் வரைவுகளை இணைத்திருக்கிறேன். என் தாத்தா வர்ம ஆசான். அதை எழுதலாமா, சிரிப்பார்களா? ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ‘சி’ வாங்கியதை எப்படிச் சொல்வது? அம்மா வேறு, “ஹோமியோபதி மாதிரி ஏதோ ஒன்றுக்கா இவ்வளவு பணம் கட்டுகிறாய்?” என்கிறார்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, அம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஹோமியோபதிக்கும் இதற்கும் பெயரின் வாலைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவராவதற்கு எம்.டி., டி.ஓ. என்று இரண்டு பட்டங்கள் உண்டு; ஆஸ்டியோபதி கல்லூரிகள் தருவது டி.ஓ. நம் ஊரில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு படிக்கிற மேற்படிப்பு. இங்கே அதுதான் மருத்துவத்தில் முதல் பட்டம். அம்மாவின் குழப்பத்தில் பாதி இதனால் வந்திருக்கும். இரண்டுமே நான்கு ஆண்டுப் படிப்பு. டி.ஓ. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், ஐம்பது மாநிலங்களிலும் தொழில் நடத்தலாம். பட்டம் வாங்கிய பிறகு மருத்துவமனையில் பெறும் ரெசிடென்சி பயிற்சிக்கு இருந்த தனித்தனி அங்கீகார முறைகள் 2020-இல் ஒன்றாகிவிட்டன. இன்று இந்த நாட்டின் மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் டி.ஓ. படிக்கிறார்கள். எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் தொட்டறிந்து சரிசெய்யும் பயிற்சி அவர்களுக்குச் சுமார் இருநூறு மணி நேரம் கூடுதலாக உண்டு. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ‘ஆஸ்டியோபத்’ எனப்படுபவர்கள் வேறு. அவர்கள் கைச்சிகிச்சை மட்டும் செய்பவர்கள், மருத்துவர்கள் அல்லர். அம்மா இணையத்தில் தேடினால் அவர்களும் கலந்து வருவார்கள். ஓஹையோவில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடும்ப மருத்துவராக இருக்கும் நான் இதுவரை ஒருவருக்கும் சர்க்கரை உருண்டை கொடுத்ததில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் வரைவு. முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். “எம்.டி. மருத்துவர்கள் நோய்க்குச் சிகிச்சை தருகிறார்கள், டி.ஓ. மருத்துவர்களோ முழு மனிதருக்கும் சிகிச்சை தருகிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஆஸ்டியோபதி கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் எட்டு ஆண்டுகள் செகண்டரி படித்தவன் நான். இந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் மனம் வெறுத்துப் போயிருக்கும்.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே வாக்கியத்தை நானும் எழுதினேன். அதை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரியின் நேர்காணலுக்கும் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் வயதான டி.ஓ.; இன்னொருவர் குழந்தை மருத்துவர், ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. பெரியவர் என் தாளைக் கையில் எடுத்து அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தார். பிறகு, “பக்கத்தில் இருக்கிறாரே, இவர் எம்.டி. இந்த ஊர்ப் பிள்ளைகளை இருபது வருடமாகப் பார்க்கிறார். எந்தப் பாதியைப் பார்க்கிறார் என்று நீங்களே அவரிடம் கேளுங்களேன்” என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மையார்தான் சிரித்துக்கொண்டே, “திங்கள்கிழமை மேல்பாதி, செவ்வாய்க்கிழமை கீழ்பாதி” என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். கல்லூரி காப்பாற்றவில்லை. அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி வேறோர் இடத்தில் சேர்ந்தேன்.

அந்த வாக்கியத்தில் மூன்று கோளாறுகள். முதலாவது, அது உண்மையில்லை. நல்ல எம்.டி.க்களும் முழு மனிதரைத்தான் பார்க்கிறார்கள்; மோசமான டி.ஓ.க்கள் கணினித் திரையைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது, டி.ஓ. கல்லூரிகளில் எம்.டி. பேராசிரியர்கள் நிறையப் பேர் உண்டு. உங்கள் பதிலைப் படிப்பவரே எம்.டி.யாக இருக்கலாம். மூன்றாவதுதான் முக்கியம். அதில் நீங்கள் இல்லை. நாகர்கோவிலிலிருந்து வந்த பெண்ணும் எழுதலாம், மொன்டானாவில் மாடு மேய்த்த பையனும் எழுதலாம்.

வரைவின் இரண்டாவது பத்தி ஆஸ்டியோபதியின் நான்கு கோட்பாடுகள்: உடல், மனம், ஆன்மா சேர்ந்தவரே மனிதர், உடலுக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றல் உண்டு, அமைப்பும் இயக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை, இவற்றின் மேல்தான் சிகிச்சை அமைய வேண்டும். பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதைப் படிக்கப் போகிறவர் முதலாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் அதையே நடத்துகிறவர். கொல்லர் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அதுதான்.

வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள், அது வேறு விஷயம். ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். தந்தை மெதடிஸ்ட் போதகர், மருத்துவமும் பார்த்தவர். பாதரசக் கலவையை விழுங்கவைப்பதும் ரத்தத்தை வெளியேற்றுவதும் சிகிச்சையாக இருந்த காலம். 1864-இல் மூளைக்காய்ச்சல் ஸ்டில்லின் மூன்று குழந்தைகளைக் கொண்டுபோனது. தானே மருத்துவர், வந்து பார்த்தவர்களும் மருத்துவர்கள், கையில் இருந்த மருந்து எதுவும் உதவவில்லை. 1874-இல் தன் புதிய முறையை அறிவித்தார். அதன்பின் ஊர் ஊராகப் போய், ‘மின்னல் வேக எலும்பு வைத்தியர்’ என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டு பிழைத்தார். 1892-இல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் கல்லூரி தொடங்கினார்; முதல் வகுப்பிலேயே பெண்கள் இருந்தார்கள். எம்.டி. பட்டம் தர அரசு அனுமதி இருந்தும் டி.ஓ. என்றே தந்தார். அந்தப் பிடிவாதத்துக்கு அவருக்குப் பின் வந்தவர்கள் விலை கொடுத்தார்கள். கலிபோர்னியாவில் 1962-இல் பெரும்பாலான டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி எம்.டி. என்று பட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். பெயர்ப்பலகை மாறியது, பலகைக்குப் பின்னால் அதே ஆள், அதே கை. மிசிசிப்பி மாநிலம் முழு உரிமை தந்தது 1973-இல்தான், எல்லா மாநிலங்களுக்கும் கடைசியாக.

இதையெல்லாம் நேர்காணலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஸ்டில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். அவர் படம் எங்கள் சுவரிலேயே தொங்குகிறது.

அப்படியானால் ‘ஏன் டி.ஓ.?’ என்பதற்கு எதை எழுதுவது? உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒன்று இருக்கிறது. வரைவில் அது இல்லவே இல்லை. இரவுப் பணியில் ஒருவர் நெஞ்சுவலி என்று வந்தார். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சரி. அதன் பிறகு அந்த டாக்டர் செய்ததையும், ‘அவர் டி.ஓ. என்பதே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது’ என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துக்கொண்டு கீழே கோர்த்துக் காட்டுகிறேன். தமிழில் தருகிறேன், நீங்கள் உங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள், என் வார்த்தைகளை மொழிபெயர்க்க வேண்டாம்.

“இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகும் டாக்டர் அறையை விட்டுப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு நோயாளியின் பின்னால் உட்கார்ந்து, விலா எலும்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஆறாவதிலோ ஏழாவதிலோ நோயாளி ‘அங்கேதான்’ என்றார். சில நிமிடங்கள் கழித்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார். அதுவரை அரை மூச்சே இழுத்துக்கொண்டிருந்தவர் முழு மூச்சு இழுத்தார். டாக்டர் என் பக்கம் திரும்பி மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றைப் பதியச் சொன்னார். எனக்குப் பொருள் தெரியவில்லை, தட்டச்சு செய்துவிட்டேன். அன்று காலை வீட்டுக்குப் போய்த் தூங்குவதற்கு முன் அந்த மூன்றெழுத்தைத் தேடினேன்.”

இதில் ‘முழு மனிதர்’ என்ற சொல் இல்லை. தேவையும் இல்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டதிலேயே அது வந்துவிட்டது. எம்.டி.யை யாரும் தாழ்த்தவில்லை. கையால் தொட்டதும் நோய் பறந்தோடிவிட்டது என்று மாயம் காட்டவும் இல்லை. பரிசோதனைகள் முதலில், கை பிறகு. அந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். படிக்கிற டாக்டர் அதைத்தான் முதலில் கவனிப்பார். நோயாளியின் வயது, தொழில், தேதி எதையும் எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தில் அவை இருந்தன; நான் எடுத்துவிட்டேன். ரகசியம் காக்கத் தெரியாத ஸ்க்ரைப் என்ற பெயர் வேண்டாம்.

இதற்குப் பிறகு வர வேண்டியது, அந்த மூன்றெழுத்தை (ஆஸ்டியோபதி கைச்சிகிச்சையின் சுருக்கம் அது) தேடிய பிறகு என்ன செய்தீர்கள் என்பது. இங்கேதான் உங்கள் கதையில் ஓட்டை. அதே டாக்டரின் கூட வேலை பார்க்கிறீர்கள். அவரிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? பரிந்துரைக் கடிதம் கேட்டீர்களா? பல கல்லூரிகள் டி.ஓ. ஒருவரின் கடிதத்தை விரும்புகின்றன. சில கட்டாயம் என்றே சொல்கின்றன. கேட்கவில்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள். அவர் வெளியே கிளினிக் நடத்தும் டி.ஓ. யாரையாவது அறிமுகப்படுத்தினால் இரண்டு மூன்று நாள் கூட நின்று பாருங்கள். அவசரப் பிரிவில் மட்டும் பார்த்துவிட்டு ஆஸ்டியோபதியைப் பற்றி எழுதுவது, பந்தியில் ஊறுகாயை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது போல.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் வாங்கிய மதிப்பெண் எம்.டி. கல்லூரிகளுக்குப் போதாது, அதனால்தான் டி.ஓ. என்று உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கைக் குழுவில் உள்ள யாருக்கும் இது தெரியாத ரகசியம் இல்லை. அதை எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், சிறுவயது முதல் டி.ஓ. ஆவதே கனவு என்று கதை கட்டவும் வேண்டாம். ஒரு கதவு மூடியதால்தான் இன்னொரு வாசல் கண்ணில் பட்டது என்றால், அந்த வாசலில் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வேறெங்கே விண்ணப்பித்தீர்கள் என்று ஏதாவது கல்லூரி நேரடியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

தாத்தாவுக்கு வருவோம். எழுதலாமா என்று தயங்குகிறீர்கள். எழுதுங்களம்மா. ஆனால் வர்மமும் ஆஸ்டியோபதியும் ஒன்று என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டும் கை சார்ந்தவை என்பதோடு ஒற்றுமை நிற்கிறது; அதற்கு மேல் போனால் இரண்டையும் அறியாதவர் என்று தெரிந்துவிடும். எண்ணெய் வாசனை, ஓலைச்சுவடி, குருகுலம் என்று அழகு காட்டவும் தொடங்காதீர்கள். ‘கீழ்த்திசை ஞானம்’ எழுதும் விண்ணப்பங்கள் எங்களுக்கு வாரத்துக்கு நான்கு வரும். நீங்களே சொன்ன ஒரு சம்பவம் போதும். மரத்திலிருந்து விழுந்த பையனை வீட்டுத் திண்ணைக்குத் தூக்கிவந்தார்கள். தாத்தா அவன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார், காலை அசைக்கச் சொன்னார், உடனே கையை எடுத்துவிட்டார். “இது என் கைக்குள்ள காரியம் இல்ல. ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டு போங்க” என்று சொல்லி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுக்கும் காசு கொடுத்தார். உங்களுக்கு அப்போது ஒன்பது வயது.

ஆசான் எத்தனை பேரைக் குணப்படுத்தினார் என்பதைவிட, யாரை அனுப்பிவைத்தார் என்பது எங்களுக்குப் பெரிது. தன் கையின் எல்லையை அறிந்த ஒருவரைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறீர்கள். நான்கு வாக்கியத்தில் இது முடியும். விலா எலும்புக் காட்சிக்கு முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று பாருங்கள். நானாக இருந்தால் பின்னால் வைப்பேன். படிப்பவர் முதலில் இந்த நாட்டு மருத்துவமனைக்குள் உங்களைப் பார்க்கட்டும், திண்ணை பிறகு வரட்டும். எழுத்தெண்ணிக்கை குறைவாக உள்ள கல்லூரிக்குத் தாத்தா வேண்டாம். 1,000 எழுத்துகளில் இரண்டு காட்சிகளைத் திணித்தால் இரண்டும் மூச்சுத் திணறும்.

‘ஏன் எங்கள் கல்லூரி?’ என்பதற்கு உங்கள் வரைவில் உள்ள நான்கு விடைகளையும் படித்தேன். கல்லூரியின் பெயரை விரலால் மறைத்துவிட்டால் எது எந்தக் கல்லூரிக்கு என்று எனக்குத் தெரியவில்லை. ‘ஆரம்பத்திலேயே நோயாளிகளைப் பார்க்கும் வாய்ப்பு, ஆதரவான பேராசிரியர்கள், நவீன ஆய்வகம்.’ எல்லாக் கல்லூரியின் வலைத்தளத்திலும் உள்ளதைக் கல்லூரிக்கே திருப்பி அனுப்புகிறீர்கள். இந்த இடத்தில் ஒரு பழைய வேடிக்கை நினைவுக்கு வருகிறது. எங்கள் கல்லூரி இருப்பது சமவெளியில். பத்து மாடிக் கட்டடம்தான் ஊரில் உயரமான இடம். ஒரு மாணவர், ‘உங்கள் மலைகளின் மடியில் மருத்துவம் கற்க ஏங்குகிறேன்’ என்று எழுதியிருந்தார். வேறு கல்லூரிக்கு எழுதியதை ஒட்டிவிட்டார், பாவம். குழுவில் இரண்டு ஆண்டுகள் ‘நம் மலை எப்படி இருக்கிறது?’ என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தோம். மதிப்பெண்ணில் அவர் உங்களைவிட மேல்.

ஒவ்வொரு கல்லூரியும் எதற்காகத் தொடங்கப்பட்டது என்று பாருங்கள். விடையில் பாதி அங்கேயே கிடைக்கும். நீங்கள் விண்ணப்பித்துள்ள பைக்வில் கல்லூரி கென்டக்கியின் கிழக்குக் கோடியில், அப்பலாச்சிய மலைப்பகுதிக்கு மருத்துவர்களை உருவாக்கவே இருப்பது. நியூஜெர்சிப் பெண் அங்கே ஏன் வருகிறாள், படித்து முடித்ததும் ஓடிவிடுவாளா என்பதுதான் அவர்கள் கேட்காமல் கேட்கும் கேள்வி. அதற்கு உங்களிடம் நேர்மையான பதில் இல்லையென்றால் அந்தச் செகண்டரிக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள். மலை அழகாக இருக்கிறது என்பது பதில் இல்லை. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் டாலக்வாவில் செரோக்கி மக்களோடு சேர்ந்து 2020-இல் தொடங்கிய கல்லூரியையும் பட்டியலில் வைத்திருக்கிறீர்கள். பூர்வகுடி மக்களின் ஆரோக்கியத்தில் இதுவரை துளியும் ஈடுபாடு காட்டாத ஒருவர் அங்கே விண்ணப்பித்தால் அது அவர்களுக்குத் தெரியாமல் போகாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை விட்டுவிடுவேன்.

மாறாக, அரிசோனா மெசாவில் உள்ள ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகக் கல்லூரி உங்களுக்குப் பொருந்துகிறது, அதற்கு நீங்கள் எழுதியதுதான் மிக மோசம்! அங்கே மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலிருந்தே நாட்டின் பல மூலைகளில் உள்ள சமூக சுகாதார மையங்களுக்குப் போய்விடுகிறார்கள்; காப்பீடு இல்லாதவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள் வரும் மையங்கள். நீங்களோ பள்ளி நாள்களிலிருந்து இலவச கிளினிக் ஒன்றில் சனிக்கிழமைதோறும் ரத்த அழுத்தம் பார்த்து, தமிழிலும் தட்டுத்தடுமாறி ஸ்பானிஷிலும் பேசி வந்திருக்கிறீர்கள். ஆறு ஆண்டுகள்! அதை ஒரு வரியில் எழுதிவிட்டு அரிசோனாவின் வெயிலைப் புகழ்ந்திருக்கிறீர்கள். நியூஜெர்சியிலேயே உள்ள ரோவன்-விர்ச்சுவா கல்லூரிக்கு ‘வீட்டுக்கு அருகில்’ என்று எழுத வெட்கப்பட வேண்டாம். ஆனால் அருகில் இருப்பதால் யாருக்கு மருத்துவராவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்தது சவால் கேள்வி. இதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும். பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கொண்டுபோனதையும் பிள்ளைகள் மூக்கைப் பொத்தியதையும் எழுதியிருக்கிறீர்கள். வலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் அந்தச் சாப்பாட்டு டப்பாவை நான் திறந்து திறந்து மூடியிருக்கிறேன். உங்கள் உண்மையான சவால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் இருந்தது: ‘இருபது வயது வரை ஹெச்-4 விசா என்பதால் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியவில்லை.’

இதை ஏன் அடைப்புக்குறிக்குள் ஒளித்தீர்கள்? உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இது தெரியாது. அவர் பார்ப்பது, கல்லூரியின் முதலிரு ஆண்டுகளில் ஒரு நாள்கூடச் சம்பள வேலை பார்க்காத பெண். வசதியான வீட்டுப் பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவார். அப்பாவின் வேலை விசாவைச் சார்ந்து வந்த பிள்ளை சம்பளம் வாங்கக் கூடாது என்பது சட்டம், இருபத்தொரு வயதாகிவிட்டால் அந்த விசாவும் போய்விடும் என்பது பலருக்குச் செய்தியாகவே இருக்கும். மற்ற மாணவர்கள் சம்பளத்துக்குச் செய்த வேலையை நீங்கள் இலவச கிளினிக்கில் சும்மா செய்தீர்கள். இருபத்தோராவது பிறந்தநாளுக்கு ஐந்து மாதம் முன்பு கிரீன் கார்டு வந்தது. அது வராதிருந்தால் இந்தப் பதினான்கு கல்லூரிகளில் பலவற்றுக்கு விண்ணப்பிக்கவே முடியாது, வெளிநாட்டு மாணவர்களை அவை எடுப்பதில்லை. பத்தொன்பது வயதில் ஒவ்வொரு மாதமும் கிரீன் கார்டுக்கான விசா பட்டியலில் தேதி நகர்ந்ததா என்று அப்பாவோடு சேர்ந்து பார்த்தீர்களே, அந்தக் காட்சியில் தொடங்குங்கள்.

புலம்பலாகிவிடுமோ என்று பயப்படுவீர்கள். ஆகாது, இரண்டு விஷயங்களில் கவனமாக இருந்தால். குடியேற்றச் சட்டம் சரியா தவறா என்று வாதாடாதீர்கள். அதற்கு வேறு இடம் உண்டு. பாதிப் பதிலுக்குமேல் கஷ்டத்தில் செலவிடாதீர்கள்; மீதிப் பாதி சனிக்கிழமை கிளினிக்குக்கு. காத்திருந்த காலத்தில் செய்தது என்ன என்பதுதான் கேள்வி. அங்கே மருந்துச் சீட்டோடு வந்து, விசா சிக்கலுக்குப் பயந்து பெயரைச் சொல்லத் தயங்கிய பாட்டி ஒருவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் தயக்கம் உங்களுக்கு ஏன் உடனே புரிந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்கு மூன்று வாக்கியம் தருகிறேன், நான்காவது கிடையாது. என்ன நடந்தது, எதை மாற்றினீர்கள், அடுத்து என்ன வாங்கினீர்கள். பயோகெமிஸ்ட்ரியில் ‘ஏ’ வாங்கியிருக்கிறீர்கள். அதைச் சொல்லி நிறுத்துங்கள். ஆசிரியர் சரியில்லை என்பதை வெட்டிவிடுங்கள், உண்மையாகவே இருந்தாலும்.

இனி நடைமுறை. டி.ஓ. கல்லூரிகளில் பெரும்பாலானவை விண்ணப்பங்கள் வரவர இடங்களை நிரப்பிக்கொண்டே போகின்றன. கடைசித் தேதி மார்ச் என்று போட்டிருப்பதை நம்பி உட்கார்ந்தால், மார்ச்சில் காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சும். செகண்டரி வந்து இரண்டு வாரத்துக்குள் அனுப்புவது நல்லது. இப்போது ஆகஸ்ட் நடுப்பகுதி. மீதமுள்ள ஏழில் ஒன்றை விட்டுவிடச் சொல்லிவிட்டேன், இன்னொன்றை யோசிக்கச் சொன்னேன். முதலில் மெசாவும் ரோவனும். பழையதோ புதியதோ, உங்களுக்கு மிகப் பொருந்துவதை முதலில் எழுதினால் மற்றவற்றுக்கான கை பழகும். விலா எலும்புப் பத்தியை நீளமாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, மிகக் குறுகலாக ஒன்று என மூன்று அளவில் வைத்துக்கொள்ளுங்கள். முதற்கட்ட விண்ணப்பத்தில் 5,300 எழுத்துகளில் சொன்ன கதையையே இங்கே மீண்டும் சொல்லாதீர்கள். இரண்டும் ஒரே கோப்பில்தான் இருக்கும், ஒரே ஆள்தான் படிப்பார். இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும் என்பதை மறந்து கடைசி வாக்கியம் பாதியில் அறுந்துபோன பதில்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். செயற்கை நுண்ணறிவிடம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். அறநெறி பேச வரவில்லை. அது எழுதினால் முதல் வாக்கியமே ‘முழு மனிதர்’ என்றுதான் தொடங்கும்.

அனுப்புவதற்கு முன் கல்லூரியின் பெயரை மட்டும் அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் எதிரே விண்ணப்பப் பக்கத்தைத் திறந்துவைத்து, இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்க்கட்டும். ஹோமியோபதி என்ற சந்தேகமும் அப்படியே தீர்ந்துவிடும்.